நார்மல் நூற்றாறு

உலகத்தில் இதுவரை ஏற்பட்டுள்ள நிர்வாகங்களில் தலைசிறந்தவை இரண்டு. ஒன்று மனித உடம்பு. மற்றொன்று, மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இயங்கிவந்த கழிவுப்பொருள் மதிப்பீட்டு அலுவலகம். முன்னதை ஏற்படுத்தியது யார் என்பதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. பின்னதற்கு அரசாணை இருக்கிறது.

பிற அலுவலகங்களில் கால் போன நாற்காலி, திறக்காத பீரோ, மூடாத பீரோ, கைப்பிடி கழன்ற ரப்பர் ஸ்டாம்பு முதலியவை சேர்ந்துபோனால், அவற்றின் மதிப்பு என்ன என்று கேட்டு இங்கே எழுதுவார்கள். ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்று இங்கிருந்து பதில் போகும். இந்த ஒரு வரியை எழுத ஓர் அலுவலர், ஒரு தலைமை எழுத்தர், பத்தொன்பது எழுத்தர்கள், ஒரு டபேதார் ஆக இருபத்திரண்டு பேர் பாடுபட்டார்கள். அவசரப்பட்டு எழுதிவிட்டார்கள் என்று எவரும் குற்றம் சொல்ல முடியாது. சராசரியாக இரண்டரை வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்துமூன்றாவதாக ஒருத்தியும் உண்டு. அவள் பெயர் பங்குனியில் பதிவேட்டில் ஏறும், ஆனியில் இறங்கிவிடும். அலுவலர் அறையின் இரண்டு ஜன்னல்களுக்கும் வெளிப்பக்கமாக வெட்டிவேர்த் தட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டி ஈரமாக இருந்தால் உள்ளே காற்று குளுகுளுவென்று வரும். அது காய்ந்துவிடாதபடி நாள் முழுக்க வெயிலில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் ராக்கம்மாளின் உத்தியோகம். கூடத்தில் எழுத்தர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பார்கள். அலுவலர் அறைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி மட்டும் எண்பத்துநாலுக்கு மேல் ஏறியதே கிடையாது. அவள் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் பெயரை அடித்துவிட்டு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஆகவே அவளும் நின்றதே கிடையாது.

தலைமை எழுத்தர் ஹாலாஸ்யம் இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரர். ஒன்பது அலுவலர்களைப் பார்த்தவர். ஒன்பது பேரில் ஒருவரிடமாவது ‘அப்படி இல்லை சார்’ என்று அவர் சொன்னதில்லை. குறிப்பு எழுதுவதில் நிபுணர். அவருடைய வாக்கியங்களில் எழுவாய் இருக்காது; எழுவாய் இல்லாததால் எவர்மீதும் பழி விழாது. ‘கருதப்படுகிறது’, ‘முடிவெடுக்கப்பட்டது’, ‘ஆணையிடப்படுகிறது’ என்று பூப்போல முடியும். மாவட்டத்தில் பல அலுவலகங்கள் அவர் எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கிப்போய் நகல் எடுத்துக்கொண்டன.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம். அலுவலர் அனந்தராமன் கொடைக்கானலில் இரண்டு வாரம் ‘பணியாளர் நிர்வாகப் பயிற்சி’ முடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு ஊழியர்கள் அனைவரையும் தம் அறைக்கு அழைத்தார். அந்தக் குளிர்ச்சியில் நிற்கக் கிடைத்ததற்காகவே அனைவரும் ஆர்வமாகக் கேட்டார்கள்.

“வெளியிலே வெயில் கொளுத்தறது. உடம்புக்குள்ளே எவ்வளவு? தொண்ணூத்தெட்டு பாயின்ட் நாலு. வெளியிலே பனி கொட்டறது. உள்ளே எவ்வளவு? அதே தொண்ணூத்தெட்டு பாயின்ட் நாலு! எப்படி, மிஸ்டர் ஹாலாஸ்யம்?”

“எல்லாம் மேலிடத்து உத்தரவு சார்,” என்றார் ஹாலாஸ்யம்.

“கரெக்ட்! மூளைக்கு அடியிலே பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு ஆபீசர் உட்கார்ந்திருக்கார். சூடு ஏறித்துன்னா, ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புங்கறார். தோல் வேர்க்கறது. வேர்வை காயறப்போ சூட்டையும் எடுத்துண்டு போயிடறது. குளிர் வந்துதுன்னா தோலுக்கு சப்ளை கட். விரல் விறைச்சாலும் சரி, நெஞ்சும் மூளையும் சூடா இருந்தாகணும். அதுவும் போதலையா, நடுங்குங்கறார். நடுங்கினா சூடு பிறக்கறது. ஒரு ஃபைல் உண்டா? ஒரு ரிமைண்டர் உண்டா?”

“அந்த ஆபீசரு கேம்ப் எதுவும் போறதில்லையா சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மூத்த எழுத்தர் சௌரிராஜன். கேள்வி கேட்பதில் மட்டும் பின்வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர்.

அனந்தராமன் அதைக் காதில் வாங்கவில்லை. “காய்ச்சல்னா என்ன? அந்த ஆபீசர் நார்மலையே ஏத்தி வச்சிடறார். இனிமே நூத்திமூணுதான் நார்மல்ங்கறார். உடனே உடம்பு பூரா, ஐயோ, நாம கம்மியா இருக்கோமேன்னு குளிர்ல நடுங்கறது. அனல் அடிக்கற உடம்பு குளிரறது குளிரறதுன்னு சொல்லும். அசடு! மேலே இருக்கறவன் அளவைத் தப்பா வச்சா கீழே இருக்கறவன் என்ன பண்ணுவான்?”

எல்லோரும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார் அலுவலர்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு உள்ளூர் விடுமுறை ஒரு நாள். ஆனால் திருவிழா பத்துப் பன்னிரண்டு நாள். மீதி நாள்களுக்கு என்ன செய்வது? கழிவுப்பொருள் மதிப்பீட்டு அலுவலகத்தில் காய்ச்சல் கண்டது. மீனாட்சி பட்டாபிஷேகத்தன்று ஏழு பேருக்கு, திருக்கல்யாணத்தன்று பதினான்கு பேருக்கு, தேரன்று பத்தொன்பது பேருக்கு என்று முறையாகக் கண்டது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் ஒரே நாளில் விட்டது. இது எந்தக் கிருமி என்று மருத்துவ உலகம் இன்றுவரை ஆராயவில்லை.

“இந்த வருஷம் அது நடக்காது,” என்றார் அனந்தராமன். “சயின்ஸ் வந்தாச்சு.” மேஜை டிராயரைத் திறந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார்.

சுற்றறிக்கையை ஹாலாஸ்யம்தான் எழுதினார். ‘காய்ச்சல் என்பது இனி ஒரு கருத்தாகக் கருதப்படாது, அளவாகவே கருதப்படும். நூறு டிகிரிக்கு மேல் காணப்பட்டால் மட்டுமே விடுப்பு பரிசீலிக்கப்படும்’ என்று இரண்டே வாக்கியம். படித்த அலுவலருக்கே மெய்சிலிர்த்தது.

செய்முறை விளக்கம் அன்று மாலையே நடந்தது. டாக்டர்கள் செய்வதுபோல அனந்தராமன் தெர்மாமீட்டரை ஓங்கி ஒரு உதறு உதறினார். அது மேஜை விளிம்பில் பட்டு இரண்டாகப் போயிற்று. பாதரசம் கண்ணாடிமேல் குட்டிக் குட்டி உருண்டைகளாக ஓடியது. டபேதார் மொக்கையன் கால் மணி நேரம் ஒரு தபால் அட்டையை வைத்துக்கொண்டு அதைத் துரத்தினார். மறுநாள் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது: ‘அலுவலக வெப்பமானியை உதறுதல், சுண்டுதல், வீசுதல் ஆகியன எவராலும், எக்காரணம் கொண்டும் செய்யப்படுதல் கூடாது.’

புதுத் தெர்மாமீட்டர் வந்தது. மொக்கையன் அதற்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அரசாங்கச் சொத்து பத்திரமாக இருக்க வேண்டுமே என்று, அதை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, கூடத்தில் ஜன்னலோரம் இருந்த இரும்பு பீரோவின் தலைமேல் வைத்தார். கூரைக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம். நண்பகலில் பீரோவின்மேல் அப்பளம் காயப்போட்டால் பொரித்தே எடுக்கலாம்.

திருக்கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, எதிர்பார்த்தபடியே சௌரிராஜனுக்குக் காய்ச்சல் வந்தது.

“ரெண்டு நாளா மேலு கொதிக்கிது மொக்கையண்ணே. பெட்டியைத் தொறங்க,” என்றார்.

மொக்கையன் பெட்டியை இறக்கினார், திறந்தார், பதிவேட்டில் எழுதினார். சௌரிராஜன் வாயில் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். எடுத்துப் பார்த்தார் மொக்கையன். பாதரசம் நூற்றாறில் நின்றது.

சௌரிராஜனே திடுக்கிட்டுப் போனார். “நூத்தியாறா! ஏண்ணே, நான் பொய்யால்ல சொன்னேன்!”

சேதி பரவியது. பத்தொன்பது எழுத்தர்களும் வரிசையில் நின்றார்கள். பத்தொன்பது பேருக்கும் நூற்றாறு. பிறகு, சும்மா பார்ப்போமே என்று வைத்துக்கொண்ட மொக்கையனுக்கும் நூற்றாறு. நூற்றாறு டிகிரிக் காய்ச்சலோடு ஆளுக்கு இரண்டு வடை தின்று டீ குடித்தார்கள். விடுப்பு விண்ணப்பங்கள் அடுக்கடுக்காகத் தயாராயின.

ஹாலாஸ்யத்துக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அவர் மனைவி ஸ்யாமளா வீட்டில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்க்கும்போதெல்லாம் முதலில் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி உதறுவாள். ‘உதறலேன்னா பழைய கணக்கே நிக்கும். தானா ஏறும், தானா இறங்காது, உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி’ என்று சொல்லியும் இருக்கிறாள். இது பீரோவின் தலைமேல் கிடந்து நூற்றாறுக்கு ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை. அவ்வளவுதான். யார் வாயில் வைத்தால் என்ன, உத்தரத்தில் வைத்தால் என்ன, நூற்றாறுதான் காட்டும்.

விண்ணப்பக் கட்டோடும் தெர்மாமீட்டரோடும் அவர் உள்ளே போனபோது இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். அனந்தராமன் தெர்மாமீட்டரைக் கையில் வாங்கி, “டூப்! எல்லாம் டூப்! இப்போ பாருங்கோ,” என்று தம் வாயில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தார். நூற்றாறு.

தட்டியில் ராக்கம்மாள் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஹாலாஸ்யம், எனக்குக் காய்ச்சலா?”

“தங்களுக்கா சார்? சேச்சே!”

“எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆனா நூத்தியாறு காட்டறது. அப்போ என்ன அர்த்தம்?”

உதறவில்லை என்று அர்த்தம் சார் என்ற வாக்கியம் ஹாலாஸ்யத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உதறக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது; உத்தரவில் கையெழுத்து போட்டவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்; முதல் தெர்மாமீட்டர் உடைந்த விதத்தை நினைவூட்டியதாகவும் ஆகும். ஹாலாஸ்யம் வாக்கியத்தை விழுங்கினார்.

“தாங்களே சொல்லணும் சார்,” என்றார்.

அனந்தராமனின் முகம் மெல்ல மெல்லப் பிரகாசமடைந்தது. “தொண்ணூத்தெட்டு பாயின்ட் நாலுங்கறது வெள்ளைக்காரன் அவன் ஊர்ல பார்த்து எழுதி வச்சது. மதுரைக்கு அது எப்படிப் பொருந்தும்? இருபத்தோரு பேருக்கு ஒரே மாதிரி இருக்குன்னா அதுதானே நார்மல்? ஹாலாஸ்யம், நம்ம ஆபீசோட நார்மல் நூத்தியாறு!”

அதிகாரிக்கு இருக்கும் உஷ்ணம் தவறான உஷ்ணமாக இருக்க முடியுமா? மூன்றாவது சுற்றறிக்கை பிற்பகல் மூன்று மணிக்கு வெளியாயிற்று: ‘உள்ளூர்த் தட்பவெப்ப நிலையைக் கருத்தில் கொண்டு, இவ்வலுவலகத்தைப் பொறுத்தமட்டில் சாதாரண உடல் வெப்பம் நூற்றாறு என நிர்ணயிக்கப்படுகிறது. அதற்கு மேல் காணப்பட்டால் மட்டுமே விடுப்பு பரிசீலிக்கப்படும்.’ பத்தொன்பது விண்ணப்பங்களும் திருப்பி அனுப்பப்பட்டன. அந்த வருஷம் மீனாட்சி, கழிவுப்பொருள் மதிப்பீட்டு அலுவலகத்தார் ஒருவர்கூட இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள நேர்ந்தது.

“நாப்பது வருசத்துல தேருக்குப் போகாத மொத வருசம்ணே இது,” என்று சௌரிராஜன் ஹாலாஸ்யத்திடம் புலம்பினார். “உதறணும்னு எங்க வீட்டுப் பொம்பளைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“உமக்குத் தெரியும்தானே? நீரே சொல்லும்.”

“நமக்கெதுக்குண்ணே வம்பு?” என்று சௌரிராஜன் தம் நாற்காலிக்குப் போனார். ஆக மொத்தம் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. ஒழுங்கும் கட்டுப்பாடும் அப்படி.

அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும் எதிர்சேவை நாள். தல்லாகுளம் பக்கம் காலையிலிருந்தே ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆற்றில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர்கள், வேஷம் கட்டி, தோல்பையில் தண்ணீரும் கையில் பீய்ச்சாங்குழலுமாகச் சந்து முனையைத் தாண்டிப் போனார்கள். பதினொரு மணிக்கு ராக்கம்மாள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

“சாமி, மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நேத்து ராவுலருந்து குளுருது சாமி. இன்னைக்கு ஒரு நா மட்டும் போயிப் படுத்துக்கிறேன். பேரை மட்டும் அடிச்சுப்புடாதீக.”

ஹாலாஸ்யத்துக்கு அவளைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. பல் கிட்டியது. ஆனால் விதி இருக்கிறதே. “மொக்கையா, அளந்து பாரு,” என்றார்.

மொக்கையன் பெட்டியை இறக்கினார். ராக்கம்மாள் அந்தக் கண்ணாடிக் குச்சியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏண்ணே, இது அம்புட்டுப் பேரு வாயிலயும் போயிட்டு வந்ததுதானே? ஊரு எச்சிய நான் எதுக்கு வாயில வைக்க?” என்று சொல்லி, மொக்கையன் தடுப்பதற்குள் வாங்கித் தன் குடத்துத் தண்ணீரில் முக்கினாள். கரண்டியைக் கழுவி உதறுவதுபோல வெடுக்கென்று நாலு உதறு உதறினாள். அப்புறம்தான் வாயில் வைத்தாள்.

“அடி பாதகத்தி, உதறாத! சர்க்குலர் இருக்கு!” என்று மொக்கையன் அலறியது வீணாயிற்று.

ஹாலாஸ்யம் வாங்கிப் பார்த்தார். நூற்றுமூன்று. அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் எடுக்கப்பட்ட ஒரே சரியான அளவு அதுதான். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ராக்கம்மாள் ஒரு நாள் லீவு கேட்பதாகச் சொன்னார்.

“எவ்வளவு?” என்றார் அனந்தராமன்.

“நூத்திமூணு சார்.”

“நார்மல் நூத்தியாறு. மூணு டிகிரி கம்மியா இருக்கு!”

“ஆமாம் சார். அவளும்... குளிரறதுங்கறா.”

“பார்த்தேளா! நான் சொல்லலை? மூணு டிகிரி கம்மின்னா குளிராம என்ன செய்யும்? சயின்ஸ் பொய் சொல்லாது ஹாலாஸ்யம். நிழல்ல நிக்கப்படாதுன்னு சொல்லுங்கோ. நன்னா வெயில்லே நின்னு வேலை பார்த்தா மத்தியானத்துக்குள்ளே நார்மலுக்கு வந்துடுவா.”

கொடைக்கானலில் கற்ற காய்ச்சல் பாடத்தை அவரே பத்து நாளைக்கு முன்னால் இதே அறையில் விளக்கியிருந்தார். ஹாலாஸ்யத்துக்கு அது ஞாபகம் வந்தது. வந்த இடத்திலேயே அதை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தார்.

“ராக்கம்மா, உனக்குக் காய்ச்சல் இல்லையாம். சூடு கம்மியாத்தான் இருக்காம். வெயில்ல நின்னா சரியாப் போயிடும்கறார்.”

“அப்பிடியா சாமி? படிச்சவுக சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்,” என்று அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அலுவலர் அறையில் ஒரு அசாதாரண நிகழ்ச்சி பதிவாயிற்று. சுவரில் இருந்த வெப்பமானி எண்பத்துநாலிலிருந்து எண்பத்தைந்துக்கு ஏறியது. இரண்டே கால் மணிக்கு எண்பத்தெட்டு. இரண்டரைக்குத் தொண்ணூற்றொன்று. அனந்தராமன் மணியை அடித்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். மீண்டும் மணியை அடித்தார்.

“ஹாலாஸ்யம்! என்ன நடக்கறது இங்கே? எனக்கு வேர்க்கறது!”

இது எவ்வளவு பயங்கரமான வாக்கியம் என்பது அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ஹாலாஸ்யமும் மொக்கையனும் சௌரிராஜனும் வெளியே ஓடினார்கள். தட்டி காய்ந்து சருகாகக் கிடந்தது. அதற்குக் கீழே ராக்கம்மாள் கிடந்தாள். குடம் உருண்டு தள்ளிப் போயிருந்தது. ஹாலாஸ்யம் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

“டாக்டருக்குச் சொல்லணுமே. முதல்ல ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை...” என்றார் ஹாலாஸ்யம்.

“ஆக்சிடென்ட்டுன்னு எழுதுறதா, உடல்நலக் குறைவுன்னு எழுதுறதாண்ணே?” என்றார் சௌரிராஜன்.

மொக்கையன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சந்து முனைக்கு ஓடி, வேஷம் கட்டிப் போய்க்கொண்டிருந்த ஒருவனின் கையைப் பிடித்து இழுத்துவந்தார். காளை என்று பெயர். மேலூர்ப் பக்கத்து ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவன். பயிற்சி எதற்கும் கொடைக்கானல் போகாதவன். அவன் ஒரு பார்வைதான் பார்த்தான்.

“அட, மேலு கொதிக்குதேய்யா! தள்ளுங்கய்யா அங்கிட்டு!” என்று தோல்பையை முன்னால் இழுத்து, அழகருக்கென்று வைத்திருந்த தண்ணீரை அவள் தலையிலும் நெஞ்சிலும் காலிலும் பீய்ச்சினான். மொக்கையன் துண்டால் விசிறினார். “சாமி கோவிச்சுக்காதாப்பா?” என்று ஹாலாஸ்யம் கேட்டார். “சாமிக்கு ஆத்துத் தண்ணி இருக்குய்யா. போயி ஒரு ரிக்சாவைப் புடிங்க,” என்றான் காளை. பை காலியாகும் மட்டும் பீய்ச்சினான். ஒரு சுற்றறிக்கையும் இல்லாமல் ராக்கம்மாளின் கண் லேசாகத் திறந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, “காய்ச்சலோட இவங்களை யாருய்யா வெயில்ல நிறுத்தினது? இன்னும் அரை மணி போயிருந்தா நம்ம கையில இல்லை,” என்றார். ஹாலாஸ்யம் தரையைப் பார்த்தார். தரை மிகவும் சுத்தமாக இருந்தது.

ஐந்து நாள் ராக்கம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஐந்து நாளில் அலுவலகம் சும்மா இருக்கவில்லை. நடந்தது என்ன என்று தீர விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. அனந்தராமன் தலைவர், ஹாலாஸ்யமும் சௌரிராஜனும் உறுப்பினர்கள். குழு நான்கு முறை கூடியது. அலுவலர் அறையின் வெப்பநிலை இரண்டு பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை ஏழு டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தது என்பது ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்டது. உயர்வுக்குக் காரணம் தட்டி காய்ந்தது. தட்டி காய்ந்ததற்குக் காரணம் தண்ணீர் ஊற்றப்படாதது. தண்ணீர் ஊற்றப்படாததற்குக் காரணம் ராக்கம்மாள் படுத்துக்கொண்டது. அதற்கு மேல் காரணம் தேட வேண்டிய அவசியம் குழுவுக்கு எழவில்லை. உதறிய குற்றம் தனியாகச் சேர்க்கப்பட்டது.

உத்தரவை எழுதும் பொறுப்பு ஹாலாஸ்யத்துக்கு வந்தது. இரண்டு நாள் பேனாவை மூடி மூடித் திறந்தார். இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஸ்யாமளா என்னவென்று கேட்டதற்கு, “ஆபீஸ் விஷயம்,” என்றார். மூன்றாம் நாள் எழுதிவிட்டார். எழுதத் தொடங்கியதும் கை தானாக ஓடியது. எழுவாயே இல்லாமல் ஒரு பக்கம். கடைசி வரி ‘இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’ என்று பூப்போல முடிந்தது.

ஆறாம் நாள் காலையில் ராக்கம்மாள் வந்தாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள். தட்டிக்கு அன்னக்கொடி என்று ஒரு சின்னவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தனக்குப் பதிலாக நாலு நாளைக்கு நிற்கிறாள் என்று ராக்கம்மாள் நினைத்துக்கொண்டாள். “அடியே, நடுவுல ஊத்தாதடி. மேலருந்து ஊத்து, அப்பத்தேன் நெடுக எறங்கும். அய்யாவுக்குப் புழுங்கும்ல?” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மொக்கையன் காகிதத்தை நீட்டினார். “வாங்குனதுக்குக் கைநாட்டு வைக்கணும்.”

“என்னண்ணே போட்டிருக்கு?”

“எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு ஆத்தா. பெரிய கிளார்க்கைக் கேளு,” என்று மொக்கையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் சௌரிராஜனைப் பார்த்தாள். அவர் ஒரு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஹாலாஸ்யத்திடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தாம் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

“என்ன சாமி எழுதியிருக்கு?”

“உன் உடம்பு... ரொம்ப மோசமாப் போயிடுத்தோன்னோ. ஆத்துக்குப் போய் நன்னா ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லியிருக்கு.”

“லீவா சாமி?”

“ம்.”

“எம்புட்டு நாளைக்கு?”

ஹாலாஸ்யம் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“தேதி போடலை.”

ராக்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருவிரலை மையில் தோய்த்து அவர் காட்டிய இடத்தில் அழுத்தினாள். மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, அலுவலர் அறைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நான் ஒரு நாதானே சாமி கேட்டேன்! இப்பிடி அள்ளிக் குடுத்திருக்காரே மகராசன்!”